குமிழி விடும் பெட்டிகள்

தொட்டித் தண்ணீரின் சூடு கை பொறுக்கும் அளவுக்கு ஏறியிருந்தது. சாமுண்டீஸ்வரி முழங்கை வரை நனைத்து ஒரு மஞ்சள் பெட்டியை அடியில் அழுத்திப் பிடித்தாள். தகரக் கூரையில் பதித்திருந்த கண்ணாடி ஓட்டின் வழியாக விடியலின் முதல் வெளிச்சம் சாம்பல் நிறத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அது போதாது. தொட்டிக்கு மேல் தொங்கிய ட்யூப்லைட்டின் கீழே குனிந்து, மூச்சை அடக்கிக்கொண்டு பெட்டியின் விளிம்பையே பார்த்தாள். மூடி ஓரத்தில் எங்காவது காற்று கசிந்தால் கடுகு கடுகாகக் குமிழிகள் கோத்துக்கொண்டு மேலே வரும். வந்தால் பெட்டி திரும்பிப் போக வேண்டும். ரப்பர் வளையத்தைக் கழற்றி மறுபடி பொருத்த வேண்டும். வராவிட்டால் துடைத்து, 'சோதிக்கப்பட்டது' என்ற பச்சை ஸ்டிக்கரை ஒட்டி அடுத்த மேசைக்குத் தள்ளலாம்.

குமிழி இல்லை. துடைத்தாள், ஒட்டினாள், தள்ளினாள். அடுத்த பெட்டியை எடுத்தாள்.

நாள் முழுக்க வெந்நீரில் கிடந்து அவள் விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கிப் போயிருந்தன. நகக்கண்களில் புண். வாசலில் இருக்கும் வருகைப்பதிவு இயந்திரத்துக்கு அவள் ரேகையே பிடிபடாது. அது கண்டுபிடிக்காத நாளெல்லாம் அவள் தாமதமாக வந்த நாள் என்று கணக்கு. அரை நாள் சம்பளம் போய்விடும். முதல் ரயிலைப் பிடித்து வேப்பம்பட்டிலிருந்து வந்து, பட்டரவாக்கத்தில் இறங்கி, லாரிகளுக்கு நடுவே ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தவளிடம், அந்த இயந்திரத்துக்குள்ளிருந்து ஒரு பெண்குரல் "மறுபடியும் முயற்சிக்கவும்" என்று இனிமையாகச் சொல்லும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பின்தெருவில் இருந்தது அந்தப் பட்டறை. மீன்பிடிப் படகுகளுக்கான ஆபத்து அறிவிப்புக் கருவிகள் அங்கே தயாராயின. டிபன் கேரியர் அளவில் ஒரு மஞ்சள் பெட்டி, ஒரு ஏரியல், ஒரு பொத்தான். நடுக்கடலில் படகுக்கு ஆபத்து வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். சிவப்பு விளக்கு மின்னினால் செய்தி கிளம்பிவிட்டது. அது வானத்துக்குப் போய், அங்கிருந்து கரையிலிருக்கும் மீட்புக் கட்டுப்பாட்டு அறைக்கு இறங்கும். பழைய கருவிகளுக்குக் கூப்பிட மட்டுமே தெரியும். கூப்பிட்டது யார் காதிலாவது விழுந்ததா என்று படகில் இருப்பவனுக்குத் தெரியாது. புதிய பெட்டியில் பதில் வரும். பச்சை விளக்கு எரிந்தால் 'கேட்டுவிட்டது, வருகிறோம்' என்று அர்த்தம். கடற்கரை முழுவதும் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை வைக்கிறார்கள். நகரத்திலிருக்கும் பெரிய கம்பெனி ஒன்று அந்த ஆர்டரை எடுத்து, அதில் ஒரு பங்கை இந்தப் பட்டறைக்குத் தள்ளிவிட்டிருந்தது.

அந்தக் காலையில்தான் சூப்பர்வைசர் கோபி தொட்டிப் பக்கம் வந்தான்.

"சாமுண்டிக்கா, இன்னிலேருந்து ட்ரேக்கு ஒண்ண மட்டும் தண்ணில போட்டா போதும். மீதியில அப்படியே ஸ்டிக்கர ஒட்டிடுங்க."

"இன்னா கோபிண்ணா சொல்றீங்க? பாக்காமலேயா?"

"மீன்புடி தடைக்காலம் முடியப் போவுது. படகெல்லாம் கடலுக்குப் போறதுக்குள்ள பொட்டி போய்ச் சேரணுமாம். மேல கம்பெனில தேதிய முன்னாடி இழுத்துட்டானுங்க. மொதலாளி சொல்ட்டாரு."

"லீக்கு இருந்தா?"

கோபி அவள் முகத்தைப் பார்க்காமல் தொட்டியைப் பார்த்தான். "நானும் சம்பளக்காரன்தாங்க்கா" என்று சொல்லிவிட்டு நகர்ந்தான்.

தொட்டியில் வேலை பார்த்த பெண்களில் சாமுண்டீஸ்வரியும் ஷர்மிளாவும் மட்டும் மிஞ்சினார்கள். மற்றவர்களில் சிலர் பேக்கிங்குக்குப் போனார்கள். சிலர் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஓவர்டைம் நின்றது. வாயைத் திறந்தால் அடுத்து யார் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. முதல் நாள் தண்ணீர் படாத பெட்டியில் ஸ்டிக்கர் ஒட்டும்போது சாமுண்டீஸ்வரிக்குக் கை கூசியது. வாரம் திரும்புவதற்குள் கூச்சம் போய் வேகம் வந்துவிட்டது. அதை நினைத்துப் பார்க்கவும் அவளுக்கு நேரமில்லை.

ஆடிக்காற்று கிளம்பிப் புழுதியை வாரித் தெருவில் இறைத்துக்கொண்டிருந்த ஒரு மதியம், அந்தப் பெண் வந்தாள்.

சாப்பாட்டு நேரம். பட்டறைக்கு எதிரிலிருந்த டீக்கடையில் பெண்கள் நின்றிருந்தார்கள். பிசின் அறையில் வேலை செய்யும் இஃபத்தும் அங்கே இருந்தாள். பூந்தமல்லியிலிருந்து பஸ் மாறி வருகிறவள். சர்க்யூட்டின் மேல் பிசின் ஊற்றும் அந்த அறையில் காற்றை வெளியே தள்ளும் விசிறி நின்று மாதக்கணக்காகிறது. டீயை வாயில் வைப்பதற்குள் இருமல் வந்துவிடும் அவளுக்கு.

கேட்டருகே ஒரு பெண் வாட்ச்மேனோடு பேசிக்கொண்டிருந்தாள். வெயிலிலும் உப்பிலும் காய்ந்த முகம், கையில் ஒரு ஒயர்கூடை. பின்னால் ஓர் ஆள், தோளில் கட்டுப் போட்டபடி. வாட்ச்மேன் கையை விசிறினான். "அதெல்லாம் இங்க செய்யல. பெரிய கம்பெனில போய்க் கேளு."

"அங்கதான் கேட்டேன். இங்க செஞ்சதுன்னு அவுங்கதான் சொன்னாங்க" என்றாள் அவள். கூடையிலிருந்து மஞ்சள் நிறம் எட்டிப் பார்த்தது.

இஃபத்துதான் முதலில் டம்ளரை வைத்துவிட்டுத் தெருவைக் கடந்தாள். "யக்கா, இப்படி நெழல்ல வந்து ஒக்காருங்க. எங்கேருந்து வர்றீங்க?"

அவள் பெயர் தேசராணி. பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பம். கூட வந்தவன் கொழுந்தன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் சொன்னாள்.

"எங்க ஊட்டுக்காரரும் இவுரும்தான் போனாங்க. காத்து தூக்கிடுச்சு. இஞ்சின் நின்னு, போட்டுல தண்ணி ஏறிடுச்சு. பொத்தான அழுத்திக்கிறாங்க. செவப்பு ஒரு தபா மின்னிச்சாம்."

கொழுந்தன் அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "மின்னுனா சேதி போயிடும், அந்த எடத்த வுட்டு நகராதீங்கன்னு பொட்டி குடுத்தப்பவே சொல்லிக் குடுத்துருந்தாங்க. கொஞ்சம் தள்ளி ஆந்திராக்காரன் போட்டு ஒண்ணு வெளக்கு தெரிஞ்சிது. கேனப் புடிச்சிகினு நீஞ்சிப் போயிடலாம்னேன். அண்ணந்தான், வேணாண்டா, பச்ச எரியும், வந்துடுவாங்கன்னாரு. பச்ச எரியும் எரியும்னு பாத்துகினே இருந்தோம். போட்டு முழுவிடுச்சி."

மீதியைத் தேசராணி சொன்னாள். மறுநாள் இவனை வேறொரு படகு தூக்கியது. அண்ணன் கிடைக்கவே இல்லை. இவன் கையோடு சேர்த்துக் கட்டியிருந்த பெட்டி மட்டும் வந்தது.

தேசராணி பெட்டியை வெளியே எடுத்து மூடியை விலக்கினாள். உள்ளே உப்புப் பூத்திருந்தது. செம்புக் கம்பிகள் பச்சையாய்க் களிம்பேறிக் கிடந்தன. வெளியே, மூடியின் மேல், ஓரம் கூடப் பிரியாமல் ஒட்டியிருந்தது பச்சை ஸ்டிக்கர்: சோதிக்கப்பட்டது.

தன் விரல் அழுத்தியதா, ஷர்மிளாவின் விரலா என்று சாமுண்டீஸ்வரிக்குத் தெரியவில்லை. எப்படித் தெரியும்? எல்லாம் ஒரே ஸ்டிக்கர்தான்.

"நான் சண்ட போட வர்ல" என்றாள் தேசராணி. "தண்ணி பூந்துதுன்னா மூடி சரியில்லையா, நாங்க எதுனா தப்பா வெச்சிட்டமா, அது தெரியணும் எனக்கு. அவ்ளோதான்."

பக்கத்தில் நின்ற ஷர்மிளா சாமுண்டீஸ்வரியின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். சொல்லாதே என்பதுபோல. சாமுண்டீஸ்வரி அந்தக் கையை மெதுவாக விலக்கினாள்.

"நீங்க ஒண்ணும் தப்பு பண்ல. இத தண்ணில போட்டே பாக்கலக்கா. பாத்தோம்னு ஸ்டிக்கர் மட்டும் ஒட்டுனோம். பாக்காத, ஒட்டுன்னாங்க. ஒட்டிட்டோம்."

தேசராணி அடிப்பாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எல்லோரும் நின்றார்கள். அவள் பெட்டியைத் திருப்பிக் கூடையில் வைத்தாள். பிறகு கேட்டாள்: "எங்க ஊர்ல எல்லா போட்லயும் இந்தப் பொட்டிதானே கீது. இப்பகூடக் கடல்லதான் கீறாங்க. அதெல்லாம்?"

உள்ளே மணி அடித்தது.

அன்று மணி அடித்த பிறகு பெண்கள் மேசைக்குப் போகவில்லை. முதலாளி வீரராகவனின் அறை வாசலில் போய் நின்றார்கள். வீரராகவன் கெட்ட வார்த்தை பேசுகிறவர் அல்ல. செம்பரம்பாக்கம் பக்கத்தில் பூர்வீக நிலத்தை விற்று இந்த ஷெட்டைப் போட்டவர். தீபாவளிக்கு ஒவ்வொருவர் கையிலும் தாமே ஸ்வீட் பாக்கெட் கொடுப்பவர். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"கேள்விப்பட்டேன். பாவம்தான். அதுக்கு நாம என்னம்மா செய்ய முடியும்?"

"அப்ப அனுப்புன பொட்டியெல்லாம் திருப்பி வாங்கணும் சார்" என்றாள் சாமுண்டீஸ்வரி. "ஒண்ணொண்ணா தண்ணில போட்டுப் பாத்துட்டு அனுப்பலாம். ராவும் பகலும் நின்னு செஞ்சி குடுக்குறோம்."

"திருப்பி வாங்கறதா? எதுக்குன்னு மேல கேட்டா என்ன சொல்வேன்? டெஸ்ட் பண்ணாமலே பில் போட்டேன்னா? அடுத்த நிமிஷம் ஆர்டர் கேன்சல். இந்த ஷெட்டுக்குப் பூட்டு. உங்க ஊட்ல அடுப்பு எரிய வேணாமா?"

"எங்க அடுப்பு எரியறதுக்கு அவுங்க ஊட்ல எழவு வுழணுமா சார்?" இஃபத் கேட்டாள். கேட்ட கையோடு இருமல் பிடித்துக்கொண்டது.

வீரராகவனின் முகம் மாறியது. "சரி, சட்டமே பேசுவோம். ஸ்டிக்கர் ஒட்டினது யாரு? நானா? டெஸ்ட் பண்ணாம ஒட்டுன்னு எழுத்துல குடுத்தேனா யாருக்காவது? கோபி, நீ குடுத்தியா?"

அறை ஓரத்தில் நின்ற கோபி தலையைக் குனிந்துகொண்டான்.

"தொட்டியில நின்னது நீதானே, சாமுண்டீஸ்வரி? அப்ப பொறுப்பு உன்னுது. நாளையிலேருந்து வராதே. விசாரணை முடியட்டும். மத்தவங்க போய் வேலையப் பாருங்க."

யாரும் உடனே நகரவில்லை. ஆனால் நின்றும் விடவில்லை. ஒருத்தி பின்வாங்கினாள், இன்னொருத்தி, பிறகு ஷர்மிளா. குழுக்கடன் தவணையை நினைத்தவள், பிள்ளையின் பள்ளிக்கூடத்தை நினைத்தவள் என்று ஒவ்வொருத்தியாகக் கலைந்து போனார்கள். இஃபத் மட்டும் கையுறையைக் கழற்றி முதலாளியின் வாசற்படியில் வைத்தாள். "நாளைக்கு நானும் வரமாட்டேன் சார். வந்தா கேட்டுக்கு வெளியதான் நிப்பேன்."

சாயங்கால ரயிலில் ஷர்மிளா பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். ஆவடியில் கூட்டம் இறங்கி ஏறியது. அவள் இறங்க வேண்டிய திருநின்றவூர் வந்ததும் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அது எங்கையால ஒட்டுனதாத்தான் இருக்கும்க்கா. எனக்கு பயமா கீது." வண்டி நிற்பதற்குள் இறங்கிக் கூட்டத்தில் கலந்துவிட்டாள்.

சாமுண்டீஸ்வரியின் கணவன் ஜெகன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "வுடு. வேற கம்பெனி இல்லியா? போலீசு கேசுன்னு இழுத்தா நம்மால ஆவாது" என்றான். கோபம் இல்லை, பயம். அவள் அடுப்பைப் பற்றவைத்தாள். உலைத்தண்ணீர் சூடேறி, பானையின் அடியிலிருந்து சிறுசிறு குமிழிகள் கிளம்பத் தொடங்கின. கரண்டியோடு நின்றவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு கரண்டியைப் போட்டுவிட்டுத் தேசராணி கொடுத்திருந்த எண்ணுக்குப் போன் போட்டாள்.

"யக்கா, நான் அம்பத்தூர்லேருந்து பேசறேன். உங்கூட்ல அண்டா கீதா, பெருசா? தண்ணிய சூடு பண்ணுங்க. கை வெச்சா பொறுக்கணும், அந்த அளவுக்கு. கரைல இருக்குற போட்டுலேருந்து பொட்டியக் கொண்டாந்து உள்ள அழுத்திப் புடிங்க. மூடி ஓரத்துல முத்து முத்தா காத்து வந்துகினே இருந்துச்சுன்னா அந்தப் பொட்டிய நம்பாதீங்க. கடலுக்கு எடுத்துகினு போவாதீங்க. கடல்ல கீறவங்களுக்கு எப்படியாவது வயர்லெஸ்ல சொல்லிடுங்க."

"எம்மா நேரம் புடிக்கணும்?" என்று கேட்டது தேசராணியின் குரல்.

"குமிழி வரலன்னாலும் அவசரப்படாதீங்க. சாமி கும்புட்டு முடிக்கிற வரைக்கும் புடிங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் ஜெகன் வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். பொங்கி வழியப் போன பானையை அவனே இறக்கிவைத்தான்.

மறுநாள் காலையில் அவள் கேட்டுக்குப் போனபோது இஃபத் முன்பே வந்து டீக்கடை பெஞ்சைத் தெருவோரம் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். "ஓ.டி. பஸ் ஸ்டாண்டாண்ட கீற தொழிலாளர் சங்க ஆபீசுக்குப் போன் போட்டேன். வர்றாங்களாம்" என்றாள். பேக்கிங்கிலிருந்து கஸ்தூரி வந்தாள். சால்டரிங் மேசையிலிருந்து ஜெயப்பிரியா வந்தாள். உள்ளே போகலாமா வேண்டாமா என்று கேட்டருகே தயங்கியவர்களில் சிலர் இந்தப் பக்கம் வந்தார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார்கள். ஷர்மிளா உள்ளே போனாள்.

வெயில் ஏறியபோது ஒரு குட்டியானை லோடு வண்டி தெருமுனையில் திரும்பியது. பின்னால் நின்றபடி வந்தவர்கள் எல்லாம் பெண்கள். மீன்கூடைகளை இறக்கினார்கள். கூடை நிறைய மஞ்சள் பெட்டிகள்.

தேசராணியின் கண்கள் சிவந்திருந்தன. "எங்க ஊர்ல சோறாக்குற அண்டா ஒண்ணு பாக்கி இல்ல" என்றாள். "இதெல்லாம் காத்து வந்தது. நல்லா இருந்தத போட்டுலயே வெச்சிட்டோம். இன்னும் பக்கத்துக் குப்பம்லாம் கீது."

அதற்குள் இவர்களுக்குப் பதிலாக ஒப்பந்த ஆட்களை ஏற்றிக்கொண்டு ஒரு வேன் வந்து ஹாரன் அடித்தது. கேட் திறந்தது. வீரராகவன் வெளியே வந்தார், பின்னாலேயே கோபி. கூடைகளைப் பார்த்ததும் அவர் கால் நின்றது.

"வளையத்த மாத்திப் பொருத்தி, பாத்துக் குடுக்குறோம் சார்" என்றாள் சாமுண்டீஸ்வரி. "தொட்டியத் தொறந்து வுடுங்க. கூலி வேணாம். பிசின் ரூம்ல விசிறி போடுங்க, வூட்டுக்கு அனுப்புனவங்கள திரும்ப எடுங்க, ஒவ்வொரு பொட்டியும் தண்ணி பாத்துத்தான் வெளிய போவணும். அவ்ளோதான் கேக்குறோம்."

"இது எல்லாம் கம்பெனி சொத்து. தொட்டா திருட்டு கேஸ் ஆவும்."

தேசராணி ஒரு பெட்டியைக் கையில் எடுத்தாள். "இது எங்க படகுல இருந்தது. தொட்டுப் பாரு. எது திருட்டுன்னு ஸ்டேஷன்ல நானும் கேக்குறேன்."

வீரராகவன் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். "வேன உள்ள எடு" என்று டிரைவரிடம் கத்திவிட்டுப் போனார். வேன் நகரவில்லை, கேட்டின் குறுக்கே மீன்கூடைகள் இருந்தன, கூடைகளின் முன்னால் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

இஃபத் டீக்கடைக்காரரிடம் போனாள். "பாய், உங்க பெரிய அண்டாவக் குடுங்க. ஒரு சிலிண்டரும்."

"யாவாரம்?" என்றார் அவர். பிறகு தெருவைப் பார்த்தார், கூடைகளைப் பார்த்தார். பால் பாத்திரத்தை இறக்கிவிட்டு அண்டாவை அடுப்பில் ஏற்றினார்.

அங்கேயே, தெருவோரத்தில், வேலை தொடங்கியது. ஜெயப்பிரியா மூடிகளைக் கழற்றினாள். கஸ்தூரி பள்ளத்திலிருந்த மணலையும் பிசிறையும் துணியால் வழித்தாள். வளையங்கள் வேண்டும். அவை உள்ளே ஸ்டோரில் இருந்தன. அப்போது பக்கவாட்டுக் கதவு திறந்து ஷர்மிளா வந்தாள். மடியில் ஒரு பொட்டலம். பின்னால் கதவருகில் கோபி நின்றான். அவன் கையில் ஸ்டோர் சாவி இருந்தது. வெளியே வரவில்லை, கதவைச் சாத்தவும் இல்லை.

ஷர்மிளா பொட்டலத்தைப் பிரித்துப் புது ரப்பர் வளையங்களைத் தரையில் கொட்டினாள். அழுதுகொண்டே சாமுண்டீஸ்வரியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

தெருமுனையில் போலீஸ் ஜீப் வந்து நின்றது. இறங்கிய அதிகாரி கூட்டத்தைப் பார்த்து, "யாரு இங்க லீடர்? எழுந்திரிங்க, எழுந்திரிங்க" என்றார். யாரும் எழுந்திருக்கவில்லை. சங்கத்து ஆட்கள் இன்னும் வந்து சேரவில்லை. ஆர்டர் போகுமோ, வேலை போகுமோ, நாளைக்கு யார் யார் எங்கே இருப்போமோ என்று எதுவும் தெரியவில்லை. கடலில் இந்த நேரத்தில் எத்தனை படகில் குமிழி விடும் பெட்டிகள் இருக்கின்றன என்பதும் தெரியவில்லை.

தண்ணீரில் ஆவி பறக்கத் தொடங்கியிருந்தது. சாமுண்டீஸ்வரி கையை விட்டுப் பார்த்தாள்; பொறுத்தது. முதல் பெட்டியை அடியில் அழுத்திப் பிடித்தாள். எதிர்ப்பக்கத்தில் தேசராணியும் ஒரு பெட்டியோடு கையை இறக்கினாள். இரண்டு பேரின் தலைகளும் ஏறக்குறைய முட்டிக்கொள்ளும்படி குனிந்திருந்தன.

வேனின் கதவு சரிந்து திறந்தது. கூலிக்கு வந்த பெண்களில் ஒருத்தி, வயதில் மூத்தவள், சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினாள். ஜீப்பையும் கேட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அண்டாவருகே வந்தாள்.

"இன்னாம்மா பாக்குறீங்க அதுல?"

சாமுண்டீஸ்வரி தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்காமல் நகர்ந்து உட்கார்ந்தாள். "குந்துக்கா. சொல்றேன்."

அவள் குந்தினாள். வேனில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறங்கத் தொடங்கினார்கள்.